மாசி பங்குனி வானமும் கணிப்பொறிப் படமும்

வடநாட்டாருக்கு வசந்தம் என்றவுடன் மலர்கள் நினைவுக்கு வரக்கூடும். நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை ஆகிய எல்லைப்புறத்து ஊர்களில் வாழ்வோருக்கு அப்பருவம் வானத்தை அண்ணாந்து நோக்கும் பருவமாகும். மாசியைக் கும்பம் என்றும் பங்குனியை மீனம் என்றும் இங்குள்ள தமிழரும் மலையாளிகளும் ஒருங்கே வழங்குவர். அவ்விரு திங்களிலும் காலையில் இலேசான பனிமூட்டம் இருக்கும். பத்து மணிக்கெல்லாம் வெயில் சுட்டெரிக்கும். பிற்பகலில் கிழக்கே மலைமுகட்டில் கரிய மேகம் திரளும். மாலையில் இடியும் மின்னலுமாக ஒரு மழை பெய்யும். அல்லது மழையே இல்லாமல் இடி மட்டும் முழங்கி ஓயும். வெள்ளறடையில் வெள்ளம் ஓடும்போது அமரவிளையில் தூசி பறப்பதும் உண்டு.

இந்த நிலையற்ற வானத்தை நம்பியே பல காரியங்கள் நடக்கின்றன. கும்பத்தில் மழை பெய்தால் குப்பையிலும் மாணிக்கம் விளையும் என்பது இப்பகுதியில் வழங்கும் மலையாளப் பழமொழி. சேனைக் கிழங்கைப் பற்றியும் ஒரு வழக்கு உண்டு: கும்பத்தில் நட்டது குடத்தளவு, மீனத்தில் நட்டது மீன்கண்ணளவு. மழை வரும் என்று எண்ணிக் கிழங்கைப் புதைத்துவிட்டு, இருபது நாள் வறட்சியைக் கண்டால் நட்டவர் பாடு என்னாவது? ஏத்தன் வாழை குலை தள்ளி நிற்கும் காலமும் இதுவே. இடிமழைக்கு முன்னோடியாக வீசும் சுழற்காற்று கால் மணி நேரத்தில் ஒரு விளையையே சாய்த்துவிடுகிறது. முட்டுக் கொடுப்பதற்கும் கயிறு கட்டுவதற்கும் கூலி உண்டு. அக்கூலியை எந்த வாரத்தில் செலவிடுவது என்பதே உழவரின் கேள்வி. எல்லைக்கு அப்பால் விளவங்கோடு வட்டத்தாருக்கோ கவலை இன்னும் ஒரு படி மிகுதி. நெய்யாற்று இடதுகரைக் கால்வாயின் நீர் 2004-இல் நின்றுபோன பிறகு, கோடைமழையைக் கூடுதலாக எதிர்பார்க்க வேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்பட்டது.

இப்போது ஏறக்குறைய எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. அதில் வானிலைப் படம் வருகிறது. நாளை பிற்பகல் மூன்று மணிக்குப் பாறசாலையில் 4 மில்லிமீட்டர் மழை என்று அது துணிந்து சொல்லுகிறது. மழை வந்தால் யந்திரத்தைப் புகழ்கிறோம்; வராவிட்டால் ஏளனம் செய்கிறோம். இரண்டும் பொருத்தமற்றவை என்பது நம் கருத்து. கணிப்பொறிப் படம் ஓர் ஊருக்கு எழுதிய கடிதமன்று. அது அன்றைய நாளின் குணத்தைத் தெரிவிக்கிறது. அந்தக் குணத்தைப் படிப்பது எவ்வாறு என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

வானிலையைக் கணக்கிட்டு அறியலாம் என்று 1904-இல் எடுத்துரைத்தவர் நார்வே நாட்டு அறிஞர் வில்லெம் பியர்க்னெஸ். இன்றைய காற்று, அழுத்தம், வெப்பம், ஈரம் ஆகியவை தெரிந்தால், இயற்பியல் விதிகளைக் கொண்டு நாளைய நிலையைக் கணக்கிட முடியும் என்பது அவர் கொள்கை. அதைச் செய்து பார்க்கத் துணிந்தவர் லூயிஸ் ரிச்சர்ட்ஸன் என்ற ஆங்கிலேயர். முதல் உலகப் போரில் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டியை ஓட்டிக்கொண்டே, ஓய்வு வேளைகளில் அவர் கணக்கிட்டார். 1910 மே 20-ஆம் நாளுக்கு ஆறு மணி நேர வானிலையைக் கணக்கிட்டதில், காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் அசையவே இல்லை எனலாம். கொடும் புயலில்கூட 145 மில்லிபார் மாறுவது அரிது. எனினும் அவர் தமது தவறான விடையை மறைக்காமல் 1922-இல் நூலாக அச்சிட்டார். 64,000 பேர் ஒரு பெரிய மண்டபத்தில் அமர்ந்து ஒருங்கே கணக்கிட்டால் வானிலையை எட்டிப்பிடிக்கலாம் என்றும் அதில் எழுதினார். 1950-இல் அமெரிக்காவில் எனியாக் என்ற கணிப்பொறி அந்த மண்டபத்தின் வேலையை ஏற்றுக்கொண்டது. 24 மணி நேர வானிலையைக் கணக்கிட அதற்கும் ஏறத்தாழ 24 மணி நேரம் பிடித்தது. நாளை வருவதை நாளையே அறிந்தாற்போல என்று நாம் சிரிக்கலாம். ஆனால் வழி திறந்தது அன்றுதான்.

இந்தியாவில் இதற்கெனத் தேசிய நடுத்தர கால வானிலை முன்னறிவிப்பு மையம் 1988-இல் ஏற்பட்டது. 2018-இல் ‘பிரத்யூஷ்’, ‘மிகிர்’ என்ற பெரும் கணிப்பொறிகளும், 2024-இல் ‘அர்கா’, ‘அருணிகா’ என்பவையும் பணிக்கு வந்தன. சூரியனைச் சார்ந்த பெயர்களாகவே சூட்டியிருக்கின்றனர். மழையைச் சொல்ல வந்த யந்திரங்களுக்கு இப்பெயர்கள் சற்று வேடிக்கையே.

இனி, கணிப்பொறி உலகத்தை எவ்வாறு காண்கிறது என்பதைப் பார்ப்போம். வலைபோட்டதுபோல் பூமியைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காற்று, ஒரு வெப்பம், ஓர் ஈரம் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். உலகம் முழுவதையும் கணக்கிடும் அமைப்புகளில் பலவற்றிற்குக் கட்டத்தின் பக்கம் 9 முதல் 13 கிலோமீட்டர் வரை இருக்கும். 2025 மே மாதத்தில் இந்தியா தொடங்கிய ‘பாரத் முன்னறிவிப்பு அமைப்பு’ 6 கிலோமீட்டர் அளவுக்கு நெருங்கியிருக்கிறது. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 10 கிலோமீட்டர். ஆகவே பழைய வலையில் இவ்விரண்டு ஊர்களும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடும். களியக்காவிளையும் அதிலேயே நுழைந்துகொள்ளும். 6 கிலோமீட்டர் வலையிலும் நிலைமை அவ்வளவு மாறிவிடவில்லை. ஏனெனில் ஒரு மேகத்தை உருவம் கெடாமல் காட்ட ஐந்தாறு கட்டங்களாவது வேண்டும். பங்குனி மாதத்து இடிமேகம் சில கிலோமீட்டர் அகலமே உடையது. ஒரு மணி நேரத்துக்குள் பிறந்து, வளர்ந்து, கொட்டி, கலைந்துவிடுவது.

மலையின் கதி இன்னும் பரிதாபம். நமக்கு வடகிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் பொதிகை என்று தமிழர் போற்றும் அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது. கணிப்பொறியின் கட்டத்துக்குள் மலைமுகடும் பள்ளத்தாக்கும் சராசரியாகக் கலக்கப்படுவதால், அகத்தியரின் மலை மிகவும் தாழ்ந்து ஒரு மேட்டுநிலம்போல் ஆகிவிடுகிறது. நம் கோடைமழையின் பிறப்பிடமோ அம்மலையின் அடிவாரம். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1837-இல் வானாராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அதன் தலைவராயிருந்த ஜான் ஆலன் பிரவுன் 1855-இல் இதே மலைமேல் ஓர் அளவை நிலையம் அமைத்தார். யானையும் அட்டையும் நிறைந்த காட்டின் வழியே கருவிகளைச் சுமந்து ஏற்றிய பெருமுயற்சி அது. கடலோரத்தில் அளப்பது மட்டும் போதாது, மலைமேலும் அளந்தாக வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்திலேயே இங்கு இருந்தது என்பதை நேயர்கள் கருதிப் பார்க்கலாம்.

கட்டத்துக்குள் அடங்காத சிறு மேகத்தைக் கணிப்பொறி என்ன செய்யும்? கண்ணால் காண இயலாததை உத்தேசமாக மதிப்பிடும். இவ்வளவு வெப்பமும் இவ்வளவு ஈரமும் இருந்தால் இக்கட்டத்தில் இவ்வளவு மழை என்று ஒரு விதியை எழுதி வைத்திருக்கிறார்கள். அவ்விதிக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. ஓரிடத்தில் 40 மில்லிமீட்டரும் ஒன்பது இடங்களில் ஒன்றுமில்லாமலும் பெய்ய வேண்டிய மழையை, எல்லாவிடத்திலும் 4 மில்லிமீட்டர் என்று பரப்பி வைப்பது ஒன்று. பாறசாலைக்கு 4 மில்லிமீட்டர் என்று காட்டியதன் உண்மைப் பொருள் பெரும்பாலும் இதுவே. மற்றொரு பழக்கம் அவசரம். தரை சூடேறியவுடன், நண்பகலிலேயே மழையைத் தொடங்கிவிடும். நம் ஊரிலோ இடிமழை மூன்று மணிக்கு மேல், பல நாள்களில் ஐந்து மணிக்கும் மேல்தான் வருகிறது. ஆதலின், படத்தில் நண்பகல் 12 மணிக்கு மழை காணப்பட்டால் அதை மாலைக்குத் தள்ளிப் படிக்க வேண்டும்.

அப்படியானால் படத்தில் எதை நம்புவது? மழைத் துளியை விட்டுக் காற்றைப் பாருங்கள் என்று நாம் சொல்லுவோம். காற்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு தன்மையாக வீசுவது. அதைக் கணிப்பொறி திறம்படக் கணக்கிடுகிறது. வானிலைப் படங்களில் 850, 700 என்று குறிக்கப்பட்ட தளங்கள் உண்டு. அவை மில்லிபார் அளவைகள். முன்னது தரைக்கு மேல் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர், பின்னது சுமார் மூன்று கிலோமீட்டர் உயரம். மாசி பங்குனியில் நம் வானம் எந்த வகையில் அமையும் என்பதை இவ்விரண்டு தளங்களும் அநேகமாகச் சொல்லிவிடுகின்றன.

இரு தளங்களிலும் வடக்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ வறண்ட காற்று வீசினால் மழைக்கு இடமில்லை. அன்று தரையருகே புழுக்கம் மிகுதியாக இருக்கலாம். மேலெழும் ஆற்றல் என்று ஒரு எண்ணைப் படங்களில் காட்டுவார்கள். அதுவும் 2,000-க்கு மேல் உயர்ந்து நிற்கலாம். இந்த எண்ணைக் கண்டு ஏமாறுவோர் பலர். அடுப்பில் நீர் கொதித்தாலும் மூடி இறுக்கமாக இருந்தால் ஆவி எவ்வாறு வெளிப்படும்? மூன்று கிலோமீட்டர் உயரத்தில் உள்ள வறண்ட, வெம்மையான படலமே அந்த மூடி. மேகம் அதை முட்டிப் பஞ்சுபோல் சிதறிவிடும். மாசி மாதத்தின் முதற்பாதி பெரும்பாலும் இவ்வாறே கழிகிறது. கேரளம் முழுவதற்கும் மார்ச் முதல் மே முடிய 36 சென்டிமீட்டர் அளவில் சராசரி மழை உண்டென்றாலும், அதில் மார்ச் மாதத்தின் பங்கு மூன்றரைச் சென்டிமீட்டரைச் சுற்றியே நிற்கிறது.

அடுத்த வகை நாளே நம் கவனத்துக்கு உரியது. வங்கக் கடலிலிருந்து கொண்டல் காற்று மலையைக் கடந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் வீசுகிறது. மூன்று கிலோமீட்டர் வரை ஈரமும் ஏறியிருக்கிறது. தரையருகே, முற்பகலில் அரபிக் கடலிலிருந்து கடற்காற்று புறப்பட்டு உள்நாட்டை நோக்கி நகருகிறது. இரண்டும் எதிரெதிரே வந்து மலையடிவாரத்தில் சந்திக்கின்றன. போவதற்கு வேறு வழியின்றி காற்று மேலேறுகிறது, மேகம் எழுகிறது. வானிலை அறிக்கையில், தென் கேரளத்திலிருந்து கர்நாடகத்தின் உட்பகுதி வழியாக மராட்டுவாடா வரை காற்றழுத்தத் தாழ்வுப் பள்ளம் நிலவுகிறது என்ற வாக்கியத்தைக் கேட்டால், இத்தகைய நாள் என்று அறிந்துகொள்ளலாம். கேட்பவருக்கு மராட்டுவாடாவுக்கும் பாறசாலைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். இரு காற்றுகள் முகத்தோடு முகம் மோதும் நீண்ட கோடு அது; அதன் தென்முனை நம் தலைமேல் இருக்கிறது.

அத்தகைய நாளில் முதல் மேகம் நெய்யாறு அணைக்கட்டின் மேற்புறத்திலோ வெள்ளறடைக் குன்றுகளின் மேலோ தோன்றும். பின்னர் எங்கே செல்லும் என்பதைச் சொல்லுவது 700-ஆம் தளத்துக் காற்று. அது கிழக்கிலிருந்து வலுவாக வீசினால் மேகம் மேற்கே நகர்ந்து பனச்சமூடு, பாறசாலை வழியாகக் கடலை நோக்கிச் செல்லும். காற்று மெலிந்திருந்தால் மேகம் பிறந்த இடத்திலேயே கொட்டித் தீர்க்கும்; பாறசாலைக்கு இடியோசையும் குளிர்ந்த காற்றும் மட்டுமே கிட்டும். மேற்கிலிருந்து வீசினால் மழை மலைக்கு அப்பால், திருநெல்வேலிப் பக்கம் தள்ளப்படும். காலையிலேயே வானம் மூடியிருந்தால் தரை சூடேறாமற்போய், இடியின் வேகம் குறைந்துவிடுவதும் உண்டு. யந்திரம் சொல்லாத இந்தக் கடைசிச் செய்தியை நம் கண்ணே பத்து மணிக்குச் சொல்லிவிடுகிறது.

மூன்றாவது வகை அபூர்வமானது. குமரிக் கடலிலோ மாலத்தீவுகளுக்கு அருகிலோ தாழ்வுநிலை ஒன்று ஏற்பட்டு, இரவு பகல் என்ற வேறுபாடின்றி மழை தூறும். இதைக் கணிப்பொறி நான்கைந்து நாள் முன்னதாகவே காட்டிவிடுகிறது. அன்றைக்கு மட்டும் மழையின் அளவையும் ஓரளவு நம்பலாம்.

எத்தனை நாள் முன்னதாக நம்பலாம் என்ற கேள்வி இங்கே எழும். எட்வர்ட் லாரன்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1961-இல் ஒரு கணக்கை மீண்டும் ஓட்டிப் பார்த்தபோது, 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று சுருக்கி இட்டார். சிறிது நேரத்தில் இரண்டாவது வானிலை முதலாவதற்கு முற்றிலும் வேறாகிவிட்டது. 1963-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் விளைவாக, ஒரே விடையைக் கேட்பது தகாது என்ற தெளிவு பிறந்தது. இப்போது தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றிப் பல முறை கணக்கிடுகிறார்கள். 1975-இல் நிறுவப்பட்ட ஐரோப்பிய மையம் இவ்வாறு 50-க்கும் மேற்பட்ட விடைகளை ஒவ்வொரு தடவையும் தருகிறது. ஐம்பது பேர் ஒரே வழியைக் காட்டினால் துணிந்து நடக்கலாம். இருபது பேர் வலமும் முப்பது பேர் இடமும் காட்டினால், முட்டுக் கொடுக்கும் கூலியாளுக்கு இன்றே சொல்லி வைப்பது நன்று. சேனை நடுவதை ஒத்திப்போடுவதும் நன்று. கைப்பேசியில் 60 விழுக்காடு மழை என்று வருவது, பகலில் 60 விழுக்காட்டு நேரம் பெய்யும் என்பதன்று. விளையில் 60 விழுக்காடு நனையும் என்பதுமன்று. இத்தகைய நாள்கள் பத்து வந்தால் ஆறில் மழை இருக்கும், நான்கில் இராது என்பதே அதன் பொருள்.

இந்த ஆண்டுகளில், இயற்பியல் விதிகளைக் கணக்கிடாமல் பழைய வானிலைகளைப் பயின்று முன்னறிவிக்கும் செயற்கை அறிவு அமைப்புகளும் வந்திருக்கின்றன. ஐரோப்பிய மையம் அத்தகைய ஒன்றை 2025 பிப்ரவரியில் நாள்தோறும் பயன்படுத்தத் தொடங்கிற்று. புயலின் பாதையைச் சொல்லுவதில் அவை வியக்கத்தக்கவை. வெள்ளறடையின் ஓர் இடிமேகத்தைப் பொறுத்தவரை அவையும் மழையைப் பரப்பியே காட்டுகின்றன.

படம் ஒருபுறமிருக்க, அறிக்கையின் சொற்களையும் கேட்கப் பழக வேண்டும். வானொலியில் ‘ஓரிரு இடங்களில்’ என்று சொன்னால், ஒரு பிரிவில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாதவற்றில் மழை என்று கருத்து. ‘சில இடங்களில்’ என்பது பாதி வரை. ‘பல இடங்களில்’ என்பது முக்கால் வரை. அதற்கு மேல் ‘பெரும்பாலான இடங்களில்’. ஆகவே ‘ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை’ என்ற அறிவிப்புக்குப் பிறகு பாறசாலை காய்ந்து கிடந்தால் அறிவிப்புப் பொய்த்ததாக ஆகாது. ‘கனமழை’ என்பதற்கும் அளவு உண்டு: 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை.

எல்லைப்புறத்தாருக்கு மற்றுமொரு சிக்கல் இருக்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கு எச்சரிக்கை விடுவது திருவனந்தபுரம் வானிலை மையம். களியக்காவிளைக்கு விடுவது சென்னை மண்டல மையம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற வண்ணங்கள் மாவட்ட வாரியாக இடப்படுகின்றன. ஆதலால் சாலையின் இப்பக்கம் மஞ்சளும் அப்பக்கம் பச்சையுமாக ஒரே நாளில் காணப்படலாம். மேகத்துக்குச் சோதனைச் சாவடி கிடையாது. திருவனந்தபுரம் மாவட்டம் வர்க்கலை வரை நீண்டது. கன்னியாகுமரி மாவட்டமோ ஆரல்வாய்மொழிக் கணவாய் வரை செல்லுவது. முழு மாவட்டத்துக்கும் பொருந்தும் வண்ணத்தை அதன் ஓரத்தில் குடியிருப்பவர் தமக்கே உரியதாகக் கொள்ளலாகாது. இரு மையங்களின் அறிவிப்பையும் பார்த்து, இரண்டில் கடுமையானதை எடுத்துக்கொள்வதே நாம் பரிந்துரைக்கும் முறை.

நேரக் குழப்பத்தையும் சொல்லிவிடுவோம். கணிப்பொறிப் படங்களில் உலகப் பொது நேரம் குறிக்கப்பட்டிருக்கும். அதனோடு ஐந்தரை மணியைக் கூட்டினால் நம் நேரம். 00 என்ற படம் காலை 5.30-க்கு உரியது, திருவனந்தபுரத்திலிருந்து வானிலை பலூன் மேலேறும் வேளையும் அதுவே. கணக்கு முடிந்து படம் வெளிவர மேலும் நான்கைந்து மணி நேரம் ஆகும். ஆகையால் காலை ஏழு மணிக்குக் கைப்பேசியில் நீங்கள் காண்பது முந்திய இரவுக் கணக்கு.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு கணிப்பொறிப் படத்தை மூடிவிடலாம். அதன் வேலை முடிந்தது. இனி ராடாரின் முறை. தும்பாவில் உள்ள டாப்ளர் ராடார் நமக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. மேகம் எங்கே இருக்கிறது, எப்பக்கம் நகர்கிறது என்பதை அவ்வப்போது காட்டுகிறது. மின்னல் விழும் இடங்களைத் தெரிவிக்கும் ‘தாமினி’ என்ற செயலியும் உண்டு. எல்லாவற்றையும்விட எளிய கருவி காது. மின்னலைக் கண்டதற்கும் இடியைக் கேட்டதற்கும் இடையே மூன்று விநாடி சென்றால் மின்னல் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. முப்பது விநாடிக்குள் கேட்டால் வீட்டுக்குள் சென்றுவிட வேண்டும். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் வெளியே வரலாகாது. பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை எச்சரிக்கையாக இருக்குமாறு கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஆண்டுதோறும் அறிவுறுத்துகிறது. மேகம் கறுத்த பின் மாடியிலோ முற்றத்திலோ உலரும் துணியை எடுக்க ஓடாதிருங்கள் என்று அது குறிப்பாகச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. மழை தொடங்குமுன்பே, பத்துக் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மேகத்திலிருந்தும் மின்னல் விழும். ரப்பர் வெட்டுவோர் விடியுமுன் வேலையைத் தொடங்கிவிடுவதால் இந்த அபாயத்திலிருந்து பெரிதும் தப்புகின்றனர். மாலையில் வாழைக்கு நீர் பாய்ச்சச் செல்லுவோருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இதே கணிப்பொறி மிகத் துல்லியமாகச் சொல்லும் ஆபத்து ஒன்றும் இதே பருவத்தில் நம் கடற்கரையில் இருக்கிறது. 2024 மார்ச் 31-ஆம் நாள் புயலோ மழையோ இல்லாத நிலையில் பொழியூர், பூந்துறை உள்ளிட்ட தென் கேரளக் கடலோர ஊர்களில் கடல் திடீரெனக் குடியிருப்புக்குள் புகுந்தது. மீனவர் இதைக் கள்ளக்கடல் என்பர். திருடனைப்போல் ஓசையின்றி வருவதால் அப்பெயர். அதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, தென்கோடிப் பெருங்கடலில் எழுந்த பேரலைகளின் எச்சமே இங்கு வந்து சேர்ந்தது. வெள்ளறடையின் மேகத்தை மூன்று மணி நேரம் முன்னதாகச் சொல்லத் தயங்கும் யந்திரம், இந்த அலையைச் சில நாள் முன்னதாகவே சொல்ல வல்லது. நீள அலை புறப்பட்டால் வழியில் மாறுவதில்லை; கடல் பரந்தது, தடையற்றது, கணக்குக்கு அடங்குவது. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் 2020 முதல் இதற்கெனத் தனி முன்னறிவிப்பு அளிக்கிறது. 2024 மே 6-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் மாண்டபோது, கள்ளக்கடல் எச்சரிக்கை நடைமுறையில் இருந்தது. வானம் தெளிந்திருந்தது, ஆகவே அபாயம் தெரியவில்லை. மழைப் படத்தில் பொழியூருக்கு வெயில் என்று கண்டாலும், அலை அறிவிப்பைத் தனியே பார்த்த பிறகே வள்ளத்தை மணலில் எங்கே ஏற்றி வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

வானிலைப் படத்தைச் சோதித்துப் பார்க்க விரும்பும் நேயர்களுக்கு ஒரு சிறு வழி உண்டு. பக்கங்கள் நேராக உள்ள தகரக் குவளை ஒன்றை மரத்தின் நிழல் படாத இடத்தில் நிறுத்தி, தினமும் காலை 8.30 மணிக்கு நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளக்கலாம். இந்தியா முழுவதும் மழை அளக்கும் நேரம் அதுவே. முந்திய நாள் மாலையில் பெய்தது மறுநாள் தேதியில் எழுதப்படும். இதை அறியாமல் படத்தையும் செய்தித்தாளையும் ஒப்பிட்டுச் சண்டையிடுவோர் உண்டு. பக்கத்தில் மூன்று குறிப்புகள் போதும்: முந்திய நாள் காலையில் 700-ஆம் தளத்துக் காற்று எத்திசை, படம் சொன்ன மழை எவ்வளவு, குவளையில் கண்டது எவ்வளவு. மாசி முதல் சித்திரை முடிய எழுதினால் சுமார் 90 வரிகள் சேரும். வெள்ளறடையிலும் பாறசாலையிலும் பொழியூரிலும் ஒவ்வொருவர் எழுதினால், கொண்டல் வீசிய நாள்களில் மழை எந்த ஊரோடு நின்றது என்பதை மூன்று ஏடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.